விலை உயர்ந்த மெட்டல் டிடெக்டர் வாங்கினால் அதிகம் கிடைக்குமா?

கேள்வி: பொழுதுபோக்காகப் புதையல் தேடுவதற்கு ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கலாம் என்றிருக்கிறேன். விலை கூடிய கருவிகள் மலிவானவற்றைவிட உண்மையிலேயே நன்றாக வேலை செய்யுமா? அல்லது பிராண்ட் பெயருக்குத்தான் அந்தக் காசா?

நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எந்த மண்ணில் என்பதைச் சொல்லாமல் இந்தப் பதிலைச் சொல்லக் கூடாது. சில இடங்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே தெரியாது. சில இடங்களில் மலிவான கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பதே வீண்.

முதன்முறை வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்பது "எவ்வளவு ஆழம் போகும்?" என்றுதான். காசு கூடக் கூட ஆழமும் கூடும் என்று ஒரு கணக்கு மனதில் இருக்கும். அந்தக் கணக்கு ஏன் தவறு என்று புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கருவியின் அடியில் இருக்கும் வட்டமான காயிலில், அதாவது கம்பிச்சுருளில், மாறுமின்னோட்டம் ஓடுகிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. வழியில் ஓர் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் தோன்றும். அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை மேலே அனுப்பும். அதைத்தான் இரண்டாவது காயில் பிடித்து நமக்குச் சத்தமாகத் தருகிறது. பொருள் இருக்கும் ஆழம் காயிலின் அளவைத் தாண்டிவிட்டால், காந்தப்புலம் கீழே போகும்போது தூரத்தின் மும்மடிக்கு ஏற்பத் தேய்கிறது. மேலே வரும்போதும் அதே கதை. இரண்டும் சேர்ந்தால் ஆறாம் அடுக்கு. அதாவது ஆழம் இரண்டு மடங்கானால் திரும்பி வரும் சிக்னல் ஏறக்குறைய 64-இல் ஒரு பங்காகிவிடும். வெறும் 10 சதவீத ஆழம் கூட்டுவதற்கே 1.8 மடங்கு சிக்னல் வேண்டும்.

இயற்பியல் போட்டிருக்கும் இந்த வேலியை எந்தக் கம்பெனியாலும் தாண்ட முடியாது. நாணயம் அளவுள்ள ஒரு பொருளை, தொந்தரவில்லாத மண்ணில், தொடக்க நிலைக் கருவி ஏறத்தாழ 15 முதல் 20 செ.மீ. ஆழம் வரை காட்டும். உச்ச விலைக் கருவி 25, நல்ல நாளில் 30 செ.மீ. வரை காட்டும். விலை ஐந்து மடங்கு, பத்து மடங்கு கூடினாலும் ஆழம் ஒன்றரை மடங்குதான். பெரிய காயில் மாட்டினால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் குப்பை நிறைந்த இடத்தில் பெரிய காயிலே பிரச்சினை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்படியானால் அந்தக் கூடுதல் காசு எங்கே போகிறது? முதலில், மண்ணைச் சமாளிப்பதற்கு.

மண்ணும் சிக்னல் கொடுக்கும். இரும்பு ஆக்சைடு நிறைந்த செம்மண்ணோ கருமணலோ இருந்தால், கீழே எதுவுமே இல்லாவிட்டாலும் கருவி முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். மண்ணின் சிக்னலைக் கழித்துவிடும் அமைப்புக்குக் கிரவுண்ட் பேலன்ஸ் என்று பெயர். மலிவான கருவிகள் பலவற்றில் அதைத் தொழிற்சாலையிலேயே ஒரு நிலையில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். உங்கள் மண் அந்தச் சராசரிக்குள் வந்தால் யோகம். வராவிட்டால் சென்சிடிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, குறைத்துக் குறைத்து, கடைசியில் மேல்மண்ணில் உள்ளது மட்டும்தான் கேட்கும். கிரவுண்ட் பேலன்ஸை நாமே சரிசெய்துகொள்ளும் வசதி, அல்லது நடக்க நடக்கக் கருவியே சரிசெய்துகொள்ளும் வசதி, இந்த மண்ணில் இரண்டு கருவிகளையும் வேறு வேறு உலகத்துக்குக் கொண்டுபோய்விடும்.

கடற்கரை இன்னும் கடுமையான சோதனை. காய்ந்த மணலில் சிக்கல் இல்லை. நானும் நண்பரும் இரண்டு விலையில் உள்ள கருவிகளை வைத்து, ஒருவர் சிக்னல் கேட்ட இடத்தில் தோண்டாமல் குச்சி நட்டுவிட்டு, அதே இடத்தை மற்றவர் கருவியால் பார்ப்பது வழக்கம். காய்ந்த மணலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே குச்சிகளைத்தான் நடும். அலை நனைத்த ஈர மணலில் கால் வைத்ததும் நிலைமை மாறிவிடும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், ஒற்றை அதிர்வெண்ணில் இயங்கும் கருவிக்கு அந்த மணலே ஒரு மெல்லிய உலோகத் தகடுபோலத் தெரிகிறது. கத்திக்கொண்டே இருக்கும். கத்தலை அடக்க, அந்த மணலுக்குக் கருவியின் திரை காட்டும் எண்களை ஒதுக்கிவிட்டால், அதே எண்களில் வரும் மெல்லிய தங்க மோதிரமும் சேர்ந்து ஒதுங்கிவிடும். ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்பும் கருவி, அவற்றை ஒப்பிட்டுப் பார்த்து உப்பின் பங்கைக் கழித்துவிடுகிறது. ஈர மணலில் தேடுவதுதான் உங்கள் ஆசை என்றால், நான் தயங்காமல் சொல்வேன்: பல அதிர்வெண் கருவிக்குக் காசு போடுங்கள்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மைன்லேப் நிறுவனம் 1991-இல் சாவரின் கருவியில் 17 அதிர்வெண்களைக் கொண்டுவந்தபோது அது வசதியுள்ளவர்களுக்கான சமாச்சாரம். 2018-இல் அதே நிறுவனத்தின் எக்வினாக்ஸ் வந்தபோது அந்த நுட்பம் நடுத்தர விலைக்கு இறங்கியது. 2019-இல் வான்குவிஷ் வரிசை வந்ததும் தொடக்க நிலை வரைக்கும் வந்துவிட்டது. நோக்டா நிறுவனத்தின் லெஜண்ட் 2022-இல் வந்து போட்டியை இன்னும் சூடாக்கியது. பத்துப் பதினைந்து வருடம் முன்பு எழுதப்பட்ட "மலிவானது என்றால் பொம்மை" என்ற அறிவுரை இன்றைக்குப் பொருந்தாது. முகம் தெரியாத பெயரில் வரும் மிக மலிவான கருவிகளைத் தவிர்த்துவிட்டால், இன்றைய தொடக்க நிலைக் கருவிகள் நிஜமாகவே நல்ல கருவிகள்.

இரண்டாவதாகக் காசு வாங்கித் தருவது, பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் பொருட்களைப் பிரித்துச் சொல்லும் வேகம். பழைய வீடு இருந்த இடம், சந்தை கூடிய திடல் போன்ற இடங்களில்தான் நல்ல பொருட்கள் இருக்கும். துருப்பிடித்த ஆணிகளும் அங்கேதான் இருக்கும். ஆணியின் சிக்னல் முடிந்து கருவி சுதாரிப்பதற்குள் காயில் நாணயத்தைக் கடந்துவிட்டால், நாணயம் இருந்ததே நமக்குத் தெரியாது. சந்தை இரைச்சலுக்கு நடுவே மெதுவாகப் பேசுகிறவரின் குரலைப் பிரித்துக் கேட்பதைப் போன்ற வேலை இது. 2009-இல் வந்த எக்ஸ்பி நிறுவனத்தின் டியூஸ் கருவி பெயர் வாங்கியதே இந்த வேகத்தால்தான். ஆணி நிறைந்த இடத்தில் பெரிய காயில் ஒரே வீச்சில் நாலைந்து பொருட்களை மூடிக்கொள்வதால் எல்லாம் கலங்கிப்போகும். சிறிய காயில் மாட்டினால் நடுத்தரக் கருவிகூட அங்கே அசத்தும். அதனால் கருவி வாங்கும்போது அதற்குச் சிறிய காயில் தனியாகக் கிடைக்கிறதா என்று பார்ப்பதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

சுற்றியிருக்கும் இரும்பு எவ்வளவு கெடுக்கும் என்பதற்குச் சரித்திரத்திலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1881-இல் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு தூண்டல் சமநிலைக் கருவியைச் செய்துகொண்டு போனார். சோதனைகளில் அது வேலை செய்தது. அதிபரின் படுக்கையில் குழப்பமான சத்தம்தான் வந்தது. மெத்தைக்குள் இருந்த எஃகுக் கம்பிகள் ஒரு காரணம். மருத்துவர் உடலின் வலப்பக்கத்தை மட்டும் தேடவிட்டது இன்னொரு காரணம். குண்டு இடப்பக்கம் இருந்தது. கருவி சரியாக இருந்தும் சுற்றுப்புறமும் தேடிய இடமும் காலை வாரிவிட்டன. அந்த இரண்டு காரணங்களும் இன்றைக்கும் ஒவ்வொரு வயலிலும் நம்மைத் தோற்கடிக்கின்றன.

காசு கொடுத்தாலும் கிடைக்காத ஒன்று இருக்கிறது. தங்கத்தை மட்டும் தனியாகச் சொல்லும் கருவி கிடையாது. திரையில் வரும் எண், அந்தப் பொருள் மின்சாரத்தை எப்படிக் கடத்துகிறது, எந்த அளவில், எந்த வடிவில் இருக்கிறது என்பதன் கூட்டு விளைவு மட்டுமே. சிறு தங்க மோதிரம், அலுமினியத் தகடு, குளிர்பானக் கேனின் வளையம் மூன்றும் ஒரே எண்களில் வரும். மெல்லிய தங்கச் சங்கிலி இன்னும் மோசம். கருவி அதை முழுச் சங்கிலியாகப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனித் துகளாகத்தான் பார்க்கிறது. ஆகவே தங்கம் வேண்டுமென்றால் கேன் வளையங்களைத் தோண்டித்தான் ஆகவேண்டும், கருவியின் விலை எதுவானாலும் சரி.

விலை என்பது ஒரே ஏணி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மைன்லேப் ஜிபிஎக்ஸ் 5000 போன்ற, மின்னோட்டத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பும் பல்ஸ் இண்டக்‌ஷன் கருவிகள் விலையில் உச்சத்தில் இருப்பவை. இரும்புத் தாது நிறைந்த தங்க வயல்களில் தங்கக் கட்டிகளைத் தேடுவதற்கு அவை அற்புதமானவை. ஆனால் இரும்பைப் பிரித்தறிவதில் அவை பலவீனமானவை. அதே கருவியைப் பழைய வீட்டு மனைக்குக் கொண்டுபோனால் பொழுது முழுக்க ஆணி தோண்டிவிட்டு வருவீர்கள். பத்தில் ஒரு பங்கு விலைக் கருவி அங்கே அதை வென்றுவிடும்.

இன்னொரு வகையைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க மனம் வரவில்லை. ஆன்டெனா நீட்டிய கைப்பிடியைக் காட்டி, நூறு மீட்டர் தூரத்திலிருந்தே தங்கத்தைக் காட்டும் "லாங் ரேஞ்ச் லொக்கேட்டர்" என்று விற்கிறார்கள். நல்ல டிடெக்டரைவிட விலை அதிகம் சொல்வார்கள். மேலே சொன்ன ஆறாம் அடுக்குக் கணக்கை நினைத்துப் பாருங்கள், நூறு மீட்டர் என்பதற்கு அர்த்தமே இல்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஏடிஇ 651 என்ற போலிக் கருவியை வெடிகுண்டு கண்டறிவதாகச் சொல்லி ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டிஷ் வியாபாரிக்கு 2013-இல் 10 ஆண்டு சிறை கிடைத்தது. கோல்ஃப் பந்து தேடுவதாகச் சொல்லி விற்கப்பட்ட ஒரு விளையாட்டுச் சாமான்தான் அதன் மூலம். அதை நம்பிச் சோதனைச் சாவடிகளில் நின்றவர்கள் உயிரை இழந்தார்கள். புதையல் ஆசையில் வாங்குகிறவர் காசை மட்டும் இழப்பார், என்றாலும் அது உழைத்துச் சேர்த்த காசு.

சரி, பெரிய புதையல்களை எடுத்தவர்கள் கையில் என்ன இருந்தது? 2009 ஜூலையில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் டெர்ரி ஹெர்பர்ட் கண்டெடுத்த ஆங்கிலோ-சாக்சன் குவியலில் மட்டும் ஏறத்தாழ 4 கிலோ தங்கம் இருந்தது. அவர் வைத்திருந்தது 14 ஆண்டுப் பழைய சாதாரண டிடெக்டர் என்றே அப்போதைய செய்திகள் சொல்லின. ஏர் ஓட்டிய வயல், பொருட்கள் மேல்மண்ணுக்கு வந்திருந்தன, அவர் அங்கே நடந்தார். 1992 நவம்பரில் சஃபோக்கின் ஹாக்ஸ்னே கிராமத்தில் எரிக் லாஸ் தேடிப்போனது புதையலையே அல்ல, விவசாயி ஒருவர் தொலைத்த சுத்தியலை. கிடைத்தது கிட்டத்தட்ட 15,000 ரோமானிய நாணயங்களும் வெள்ளிச் சாமான்களும். அவர் செய்த பெரிய காரியம், முழுவதையும் தோண்டிக் குலைக்காமல் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னது. தொல்லியலாளர்கள் வந்து, பெட்டிக்குள் எது எங்கே அடுக்கப்பட்டிருந்தது என்பதைக்கூடப் பதிவு செய்ய முடிந்தது. சுத்தியலும் கிடைத்தது, அது இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எங்கே நடக்கிறோம், எப்படி வீசுகிறோம் என்பதற்கு எந்த மாடலும் ஈடாகாது. காயிலைத் தரையோடு ஒட்டி, இரு முனையிலும் தூக்காமல், முந்தைய வீச்சின் மேல் பாதி படியும்படி மெதுவாக வீசுகிறவர் நடுத்தரக் கருவியோடு போதும். அவசரமாக ஊஞ்சல்போல ஆட்டிக்கொண்டு போகிறவரின் விலை உயர்ந்த கருவி, ஓரங்களில் தரையைவிட்டு 10 செ.மீ. மேலே போகும்போதே அந்த விலை முழுவதையும் இழந்துவிடுகிறது. புதிய மாடல் வந்துவிட்டது என்று பழகிய கருவியை விற்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு கருவியின் சத்தங்களைக் காது படித்துக்கொள்ள ஒரு பருவமாவது பிடிக்கும். "இது ஆணிதான், ஆனால் பக்கத்தில் வேறெதோ இருக்கிறது" என்று காது சொல்லத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

உங்கள் நிலையில் நான் என்ன செய்வேன் என்றால், பட்ஜெட் முழுவதையும் கருவியில் கொட்ட மாட்டேன். கிரவுண்ட் பேலன்ஸ் உள்ள, மழை தாங்கும், பெயர் பெற்ற நிறுவனத்தின் கீழ்நிலை அல்லது நடுநிலைக் கருவி ஒன்று வாங்குவேன். மிச்சத்தில் ஒரு நல்ல பின்பாயிண்டர், அதாவது குழிக்குள் நீட்டிப் பார்க்கும் கையடக்க டிடெக்டர். தோண்டிய மண்ணில் சின்னஞ்சிறு பொருளைத் தேடிக் கண்டெடுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைப்பது அதுதான், அதை வாங்காமல் மிச்சம் பிடிக்காதீர்கள். பிறகு ஹெட்போன், உறுதியான மண்வெட்டி, சிறிய காயில். நாள் முழுக்கக் கையில் தூக்கப்போகிறீர்கள் என்பதால் எடையையும் பாருங்கள். நிலத்துக்காரரின் சம்மதத்தை வாங்கிவிடுங்கள், கிடைத்ததை யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டத்தை முதல் தோண்டலுக்கு முன்பே படித்துவிடுங்கள். தொல்லியல் பாதுகாப்பு உள்ள இடத்தில் கருவியை வெளியே எடுக்கவே வேண்டாம்.

விலை கூடியதற்கு எப்போது மாறலாம்? உங்கள் கருவி எங்கே திணறுகிறது என்று உங்களால் தெளிவாகச் சொல்ல முடிகிறபோது. ஈர மணலில் கத்துகிறது, செம்மண்ணில் அடங்கவில்லை, ஆணிக்காட்டில் நண்பர் எடுப்பது எனக்குக் கேட்கவில்லை என்று குறிப்பாகத் தெரிந்தால், அந்தக் குறையைத் தீர்க்கும் கருவியைத் தேடி வாங்குங்கள். முடிந்தால் வாங்குவதற்கு முன் இரவல் வாங்கி, நீங்கள் வழக்கமாகத் தேடும் அதே மண்ணில், தோண்டாமல் விட்டுவைத்த சிக்னல் ஒன்றின் மேல் வீசிப் பாருங்கள். காற்றில் நாணயத்தை நீட்டிப் பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். காற்றில் எல்லாக் கருவியும் நன்றாகவே கேட்கும்.