மலையில் மண்கல் வீடு: எது மிச்சம், எது மிச்சமில்லை?

கேள்வி: தாண்டிக்குடி அருகே, காப்பித் தோட்டத்தை ஒட்டி எங்களுக்குச் சரிவான நிலம் இருக்கிறது. மனையில் தோண்டும் மண்ணிலேயே கல் அறுத்து, பழைய கதவு, ஜன்னல், ஓடுகளைக் கொண்டு 500 சதுர அடியில் வீடு கட்ட நினைக்கிறோம். செலவு பாதியாகக் குறையும் என்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை மண்சுவர் தாங்குமா?

பதில்: மழையைத் தாங்கும். பாதிச் செலவு என்பதைத்தான் நம்ப வேண்டாம். சரிவைச் சமன்படுத்துவது, கருங்கல் அடித்தளம், கூரை, கழிவறை, மின்சாரம் எல்லாமே சுவர் எந்தக் கல்லானாலும் ஏறக்குறைய அதே பணத்தைத்தான் கேட்கும். மலையில் மண்கல்லின் நிஜமான லாபம் லாரி வாடகையில் இருக்கிறது. சமவெளியிலிருந்து செங்கல் ஏற்றிவர வேண்டியதில்லை. உங்கள் மண் சரியில்லாமல், அதில் கலக்க எம்.சாண்டை (கல்லை உடைத்துச் செய்யும் மணலை) லாரியில் ஏற்ற நேர்ந்தால் அந்த லாபமும் கரைந்துவிடும். ஆகவே முதல் வேலை, மண்ணைப் பார்ப்பது.

மேலே கிடக்கும் கருமண் இலைமக்கு நிறைந்தது, கல்லுக்கு உதவாது. அதைத் தோட்டத்துக்கு ஒதுக்கிவிட்டு, அடியில் வரும் செம்மண்ணை எடுங்கள். நேரான கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் படிந்துவிடும், வண்டல் அரைமணி நேரத்தில், களி மறுநாள்தான். பாதிக்குமேல் மணலும் பொடிக்கல்லும், ஐந்தில் ஒரு பங்கு களியும் இருந்தால் நல்ல மண். மலைச் செம்மண்ணில் பெரும்பாலும் களிதான் கூடுதல். அதைச் சோதிக்க, 60 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் ஆழமும் உள்ள பலகைப் பெட்டியில் ஈரமண்ணை அழுத்தி நிரப்பிக் காயவையுங்கள். ஒன்றரை செ.மீ. வரை சுருங்கினால் 18 பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சிமென்ட் போதும். மூன்று செ.மீ. தாண்டினால் 14 பங்குக்கு ஒன்று. நாலரையையும் தாண்டினால் மணல் சேர்க்க வேண்டும், அல்லது சிமென்ட்டுக்குப் பதில் சுண்ணாம்பு கலந்து பார்க்கலாம்.

வெயிலில் காயும் பச்சைக் கல்லை உங்கள் ஊருக்கு நான் சொல்லமாட்டேன். கை அழுத்தப் பொறியில் அடித்த கல்லே நல்லது. ஆரோவில் மண் கட்டடக் கழகத்தில் இதற்குப் பயிற்சி தருகிறார்கள். உங்கள் கொத்தனாரை அனுப்புவது நல்ல முதலீடு. சிமென்ட் கலந்த கல் 28 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். பச்சைக் கல்லைக் காயவிடாத மலைமூட்டம், இந்தக் கல்லுக்குக் கூலி கேட்காமல் தண்ணீர் தெளிக்கும் ஆள்.

மண்சுவரை முகத்தில் அடிக்கும் மழையைவிட, அடியிலிருந்தும் முதுகுப் பக்கத்திலிருந்தும் வரும் ஈரமே கெடுக்கிறது. தரையிலிருந்து இரண்டடிக்குக் கருங்கல் கட்டு, அதன்மேல் ஈரத்தடுப்புப் பூச்சு, பிறகுதான் மண்கல். வெட்டிய சரிவுக்கும் பின்சுவருக்கும் நடுவே மூன்றடியாவது இடைவெளி விட்டு, அதில் கல் பாவிய வடிகால் ஓட வேண்டும். இடம் வீணாகிறதே என்று, தோண்டிய மண்ணால் அந்த இடைவெளியை நிரப்பிச் சமன் செய்கிறவர்கள் உண்டு. சுவர் ஒரே மழைக்காலத்தில் உப்பிவிடும். கல்லுக்கு மண் போதவில்லை என்று சரிவின் அடிவாரத்தையும் தோண்டாதீர்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் சரிந்த மண், நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது.

கூரைக்கு இரண்டரை அடி இறவாரம் விடுங்கள். அதையும் 30 பாகைச் சாய்வையும் சேர்த்தால் உங்கள் 500 சதுர அடி வீட்டின் கூரை 850 சதுர அடியைத் தாண்டும். சதுர மீட்டருக்கு 15 மங்களூர் ஓடு என்றால் ஏறக்குறைய 1,200 ஓடு. பழைய ஓட்டை வாங்கும்போது விரல் முட்டியால் தட்டுங்கள்: கணீரென்றால் எடுக்கலாம், மந்தமாக ஒலித்தால் விரிசல். அடியில் உள்ள கொக்கி உடைந்ததைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம், காற்றில் நழுவும். பழைய கதவு, ஜன்னல்களைச் சுவர் எழும்புமுன் வாங்கி அளந்துவிடுங்கள். நிலையின் அடிக்கட்டையைக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள், செல் அரித்திருந்தால் அங்கேதான் தெரியும். பழைய கண்ணாடிப் புட்டிகளை அடுக்கிக் கட்டும் புட்டிச் சுவரைக் குளியலறையில் ஒரு துண்டு வைத்தால் அழகு. வீடு முழுக்க வைத்தால் கூலியில் விடிந்துவிடும்.

வெளிப்பூச்சுக்குச் சுண்ணாம்பு. சிமென்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு தகடுதகடாக உரியும்.

உங்கள் கிராமம் ஹாகா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உரிய ஒப்புதல் இல்லாமல் கடப்பாரையே எடுக்கக் கூடாது. தோட்டத்து சில்வர் ஓக் மரத்தை உத்திரத்துக்கு வெட்ட நினைத்தால் அதையும் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டா நிலத்து மரங்களுக்கும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும்.

தை பிறந்ததும் கல் அடிக்கத் தொடங்கினால் ஆவணிக்குள் ஓடு ஏறிவிட வேண்டும். ஏறவில்லையென்றால் அவசரப்பட்டு மழையில் கட்டாதீர்கள். சுவர்த் தலைப்பைத் தார்ப்பாயால் மூடிக் கட்டி, மீதியை அடுத்த தைக்குத் தள்ளிவையுங்கள்.