அந்த வாழை இலை வாடியிருந்தது

கேள்வி: சமீபத்தில் ஒரு காதல் நாவல் படித்தேன். நம் மதுரையில் நடக்கிற கதை. 280 பக்கம் நாயகன் உருகி உருகிக் காதலிக்கிறான். கொஞ்சம் பொசசிவ், அவ்வளவுதான். கடைசியில் திடீரென்று அவனை சைக்கோ ஆக்கி, பல வருடமாக அவளைப் பின்தொடர்ந்து திட்டம் போட்டுத்தான் வளைத்தான் என்று முடித்துவிட்டார்கள். இது வாசகர்களுக்குச் செய்கிற துரோகம் இல்லையா? இதைக் கல்லூரியில் படிக்கும் என் மகளுக்குக் கொடுக்கலாமா?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, செல்லூர், மதுரை.

பதில்: சகோதரி, நாவலின் பெயரையும் எழுதியவர் பெயரையும் உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். முடிவைத் தொடாமல் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாது. இன்னும் படிக்காதவர்கள் பாவம். நானும் அதைப் படித்தேன். இரண்டு தடவை.

துரோகம், சைக்கோ என்று பெரிய பெரிய சொற்கள் உங்கள் கேள்வியில் இருக்கின்றன. என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சின்னச் சொல்: 'கொஞ்சம்'.

இந்தச் சொல்லைக் கல்யாணப் பேச்சில் கேட்டிருப்பீர்கள். மாப்பிள்ளை கொஞ்சம் கோபக்காரர். மாமியார் கொஞ்சம் கறார். கொஞ்சம் கடன் இருக்கு, ஆறு மாசத்தில் அடைஞ்சிரும். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணைப் பேசி முடித்த அன்று கூடத்தில் நான்கு 'கொஞ்சம்' விழுந்தன. நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன், வாய் திறக்கவில்லை. மூன்றாம் வருடம் அவள் ஒரு துணிப்பையோடு அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து இந்தச் சொல் எங்கே விழுந்தாலும் எனக்குக் காது அங்கேதான் போகும்.

வள்ளுவர் இதை உப்பு வைத்துச் சொல்லியிருக்கிறார். 'உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது மிக்கற்றால் நீள விடல்' (1302). ஊடல் உப்பு மாதிரி; சிறிது கூடினாலே கெட்டுவிடும் என்கிறார். அவர் காட்டுகிற ஊடலையும் பாருங்கள். தலைவன் தும்முகிறான். யாரை நினைத்துத் தும்மினீர் என்று அவள் அழுகிறாள். சந்தேகம்தான். ஆனால் அவன் முகத்துக்கு நேரே கேட்கிறாள். அவன் பதில் சொல்லலாம், சிரிக்கலாம், கோபித்துக்கொண்டு வெளியே போகலாம். நம் நாவலின் நாயகன் ஓரிடத்திலாவது அவளிடம் நேரே கேட்கிறானா? இதற்காகவே தேடிப் பார்த்தேன். ஒரு இடம்கூட இல்லை.

சரி, 'திடீரென்று' என்கிறீர்களே. 61ஆம் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அவள் கோரிப்பாளையத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தினமும் ஆறு மணிக்கு வெளியே வரும்போது அவன் ஒரு முழம் மல்லியோடு அப்போதுதான் வந்து இறங்குவான். ஒருநாள் தலைவலி தாங்காமல் மூன்று மணிக்கே கிளம்பிவிடுகிறாள். வாசலில் அவன் நிற்கிறான். 'எப்படித் தெரிஞ்சுச்சு?' என்கிறாள். 'மனசு சொல்லுச்சு' என்கிறான். இந்த வரியை எத்தனையோ பேர் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்கள், நானே பார்த்தேன். அதற்கு அடுத்த வரியை யாரும் வைக்கவில்லை: 'பொட்டலத்தைப் பிரித்தாள். இலை வாடியிருந்தது.'

மதுரையில் பூ வாங்கிப் பழகியவர் நீங்கள். பூக்காரம்மா முழம் போட்டு அளந்து, தண்ணீர் தெளித்து, பச்சை வாழை இலையில் சுற்றி நாரால் கட்டித் தருவார். வாங்கிய கையோடு கொடுத்தால் அந்த இலை சில்லென்று இருக்கும், விரித்தால் படக்கென்று ஒடியும். நம் ஊர் வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரம் கையில் வைத்திருந்தால் துணி மாதிரித் துவண்டுவிடும். மூன்று மணிக்கு அவன் நீட்டிய பொட்டலத்தின் இலை வாடியிருக்கிறது என்றால், அந்தப் பூவை அவன் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன்பே வாங்கிவிட்டான். அப்போதிருந்து அந்த வாசலைப் பார்த்துக்கொண்டு எங்கோ நிற்கிறான். அன்று மட்டும் நின்றானா? அவளுக்குத் தலைவலி வரும் என்று காலையில் அவனுக்கு எப்படித் தெரியும்? தினமும் நின்றிருக்கிறான். ஆறு மணிக்கு அப்போதுதான் வருகிறவன் மாதிரி தினமும் வந்து இறங்கியிருக்கிறான்.

முதல் தடவை படித்தபோது நானும் இந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். இரண்டாம் தடவை அந்த இலையில் வந்து நின்றபோது எனக்கு முதுகு சில்லிட்டது.

எழுதியவருக்கு மல்லி தெரிந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் போக என்னால் முடியாது. காலையில் மலர்ந்து மணம் வீசுகிற மல்லிகையோடு எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் கதைகளை நான் பல வருடமாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அதற்காக என்னோடு பேச்சை நிறுத்திய எழுத்தாளர்கள் உண்டு. மல்லி விடியற்காலையில் மொட்டாகப் பறிக்கிற பூ. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் வெயில் ஏறுவதற்குள் பறித்து முடிக்க வேண்டும். மாட்டுத்தாவணிச் சந்தைக்கு மொட்டாகத்தான் வரும். வாய் திறப்பது சாயங்காலம், பெண்கள் தலையில். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய பூவைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையாவது ஒரு பூக்காரம்மாவிடம் கேட்டுவிட்டு எழுத வேண்டும். இவர் கேட்டிருக்கிறார். கேட்டதனால்தான் ஒரு இலையில் அவ்வளவு பெரிய உண்மையை மடித்து வைக்க முடிந்தது.

மற்றதும் அங்கேயேதான் கிடக்கிறது. அவள் அம்மாவுடைய சர்க்கரை மாத்திரையின் பெயர், அவள் சொல்வதற்கு முன்பே அவனுக்குத் தெரிகிறது. உயிர்த்தோழியைப் பற்றி ஒவ்வொரு வாரமும் ஒரு சொல் போட்டுப் போட்டு, 150ஆம் பக்கத்துக்குள் அவளை விலக்கிவிடுகிறான். ஸ்கூட்டர் சாவி காணாமல் போகிறது, அவன் 'கண்டுபிடித்து'த் தருகிறான், 'உனக்கு இப்பல்லாம் ஞாபகமே இருக்கிறதில்ல' என்கிறான். இப்படி ஐந்து தடவை.

ஐம்பது வருடத்துக்கு முன்னால் தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் வாடகை நூலகம் ஒன்று இருந்தது. அம்மாவுக்கும் சித்திக்கும் குடும்ப நாவல் எடுத்துவருவது என் வேலை. அந்தப் புத்தகங்களின் ஓரத்தில் யாரோ ஒரு பெண் பென்சிலால் எழுதி வைத்திருப்பார். எல்லாப் புத்தகத்திலும் ஒரே கையெழுத்து, குண்டு குண்டாக. நாங்கள் பென்சில் அக்கா என்று பெயர் வைத்திருந்தோம். 'இவனை நம்பாதே.' 'இவள் அண்ணன் எங்கே போனான், 20ஆம் பக்கத்தில் இருந்தானே?' 'சமையல் தெரியாதவர் எழுதிய கதை. புளியைக் கடைசியில் ஊற்றுகிறார்.' சித்தி கதையை விட்டுவிட்டு பென்சில் அக்காவை மட்டும் படித்து முடிப்பதுண்டு. அக்கா எழுதாத புத்தகத்தைக் கொண்டுபோனால் 'வேற எடுத்துட்டு வாடா' என்று திருப்பி அனுப்புவார். நூலகக்காரர் அழிரப்பர் வைத்துத் தேய்த்துப் பார்த்தார், எச்சரிக்கை ஒட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவரே புதுப் புத்தகத்தை முதலில் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்துகொண்டார் போல. வந்த மறுவாரமே ஓரமெல்லாம் பென்சில் இருக்கும்.

ஒரு நாவலில் நாயகன் நாயகியைக் கன்னத்தில் அறைகிறான். அடுத்த பக்கத்தில் அவளுக்கு அவன் மேல் காதல் வருகிறது. அந்த இடத்தில் பென்சில் அக்கா இரண்டே சொல் எழுதியிருந்தார்: 'பட்டவளுக்குத்தான் தெரியும்.' சித்தி அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

காதல் நாவல் இலக்கியம் ஆகாது, பொழுதுபோகாத பெண்கள் படிப்பது என்று இருபது வருடமாக என்னோடு மல்லுக்கு நிற்கும் பேராசிரிய நண்பர் ஒருவருக்கு ஒவ்வொரு தடவையும் நான் இதைத்தான் சொல்கிறேன். அந்தப் பெண்கள் படித்த மாதிரி நீங்கள் ஒரு புத்தகமாவது படித்ததுண்டா?

அவர் தொல்காப்பியக்காரர். அவர் வழியிலேயே வருகிறேன். விரும்பிய பெண் கிடைக்காதபோது பனைமட்டையில் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, தெருவில் ஊர்ந்து வந்து ஊரைக் கூட்டுவது மடலேறுதல். குறுந்தொகை 17ஆம் பாட்டில் பேரெயின் முறுவலார் அதை அடுக்கிச் சொல்லி, 'பிறிதும் ஆகுப காமங் காழ்க்கொளினே' என்று முடிக்கிறார். காழ் என்றால் விதை, மரத்தின் வைரம். ஆசை முற்றிக் கொட்டையாக இறுகிவிட்டால் வேறு எது வேண்டுமானாலும் ஆவார்கள். உரைகாரர்கள் சாவு வரைக்கும் சொல்கிறார்கள். தொல்காப்பியர் இங்கே ஒரு கோடு கிழித்தார். 'ஏறிய மடற்றிறம்' பெருந்திணை, அதாவது பொருந்தாக் காமம் என்றார், அன்பின் ஐந்திணைக்கு வெளியே வைத்தார். மடலேறுவேன் என்று வாயால் சொல்கிறவரைக்கும் பொறுக்கலாம். ஏறிவிட்டால் அது காதலின் கணக்கில் வராது. அந்த ஆடிட்டர் அலுவலக வாசலில் நம் நாயகன் எப்போதோ ஏறிவிட்டான். பழைய காலத்து ஆளாவது நடுத்தெருவில், ஊர் பார்க்க ஏறினான்.

இன்றைய சட்டமும் கோட்டைக் கிழித்திருக்கிறது. பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் பின்தொடர்வதும், அவளுடைய இணையத்தையும் மின்னஞ்சலையும் வேவு பார்ப்பதும் 2013இல் தண்டனைச் சட்டத்தில் 354டி என்று குற்றமாகச் சேர்ந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 78ஆம் பிரிவு. முதல் தடவை 3 ஆண்டு வரை, மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை சிறை.

துரோகம் எங்கே நடந்தது என்று கேட்டால் நான் வேறொரு இடத்தைக் காட்டுவேன். கடைசி அத்தியாயத்தில் ஒரு டாக்டர் வந்து அவனுக்கு மனநோய் என்று ஒரு பெயர் சொல்கிறார். உடனே எல்லாம் விளங்கிவிட்டதாகப் புத்தகம் மூடுகிறது. இங்கேதான் எனக்குக் கோபம். நாள் குறித்து, நேரம் குறித்து, நோட்டுப் போட்டு எழுதி, அலுவலகத்தில் நல்ல பெயர் வாங்கி, அவள் அப்பாவையே கைக்குள் போட்டுக்கொண்டவன் அவன். அவ்வளவு தெளிவாக இருந்தவனுக்கு நோய் எதற்கு? தன் பொருள் என்று நினைத்தான், எடுத்துக்கொண்டான். அப்படி நினைக்க எந்த நோயும் வேண்டாம்.

'சைக்கோ' என்ற சொல்லை இந்தப் பத்திரிகையில் நான் அச்சேற்றுவதில்லை. உங்கள் கேள்வி என்பதால் விட்டுவைத்தேன். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு நினைக்காதவர்கள். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். யாரால் யாருக்கு ஆபத்து என்று பார்க்க வேண்டுமென்றால் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை நினைத்துப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அவர்களைக் கட்டிப்போட்டவர்கள் நம்மைப் போன்ற 'நல்ல மனநிலை' உள்ளவர்கள். அதற்குப் பிறகும் வில்லனுக்குக் காரணம் தேடி மனநல மருத்துவமனை வாசலுக்குப் போகிற எழுத்தாளரை என்னால் மன்னிக்க முடியவில்லை, அவர் எவ்வளவு நன்றாக மல்லியைப் பற்றி எழுதியிருந்தாலும்.

கடைசி அத்தியாயம் இல்லாமலே அந்த நாவல் முழுசாக இருக்கிறது. வாடிய இலை போதும்.

மகளுக்குக் கொடுங்கள். தாராளமாகக் கொடுங்கள். கூடவே ஒரு பென்சிலும் கொடுங்கள். அவனைப் பார்த்து முதலில் எந்தப் பக்கத்தில் பயம் வந்தது என்று ஓரத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். நீங்களும் இன்னொரு தடவை படித்துவிட்டு உங்கள் கோட்டைப் போடுங்கள். அவள் 61ஐத் தாண்டிப் போய்விட்டால் திட்டாதீர்கள், நானும் தாண்டித்தான் போனேன். பூப்பொட்டலம் ஒன்று வாங்கிவந்து, மூன்று மணி நேரம் வெயிலில் வைத்து, அவள் கையில் கொடுங்கள். இரண்டு பேருடைய பக்க எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.