குப்பை மேட்டில் கிடக்கும் நல்ல பொருளை எடுத்து வந்தால் கேவலமா?

பெங்களூருக்குப் புதிதாக வந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: தெருமுனைக் குப்பை மேட்டில் ஒரு படிப்பு மேசை கிடக்கிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, எடுத்து வந்து உபயோகிக்கலாமா, யாராவது பார்த்தால் கேவலமாக நினைப்பார்களா?

தம்பி (தங்கையாகவும் இருக்கலாம், மன்னிக்கவும்), உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டுக் கை காலியாகி, தரையில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்து வேலை பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எடுத்து வாருங்கள். கேவலம் இல்லை. ஆனால் தொடுவதற்கு முன்னால் அந்த மேசை மேல் ஏதாவது சாக்கு போர்த்தியிருக்கிறதா என்று பாருங்கள். ஏன் சாக்கைச் சொல்கிறேன் என்பதற்கு என் கதையைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

நான் பெங்களூர் ஜீவனஹள்ளிக்காரன். பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேயே. மோட்டார் வைண்டிங் தெரியும். ஒரு தொழிற்சாலையில் 31 வருடம் மெயின்டனன்ஸில் இருந்துவிட்டு 2017-ல் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றவனுக்குக் காலை நடை ஒன்றுதான் வேலை. நடக்கும்போது கண் தானாகக் குப்பைப் பக்கம் போகும். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது முனையில் ஒரு பிளாக் ஸ்பாட் உண்டு. மாநகராட்சிக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வீட்டு வாசலுக்கு வரும் ஆட்டோ டிப்பரில் போட நேரமில்லாதவர்கள் ராத்திரி வண்டியில் போகிற போக்கில் வீசிவிட்டுப் போகிற இடம் அது. எத்தனை தடவை சுத்தம் செய்து கோலம் போட்டு வைத்தாலும் மறுநாள் ஒரு மூட்டை வந்து விழும். பின்னாலேயே பத்து மூட்டை வரும்.

2018-ல் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். எல்லா வீட்டிலும் ஒட்டடை அடித்துப் பழையது கழிக்கிற சமயம். விடியக் காலையில் போனேன். மேட்டுக்குப் பக்கத்துச் சுவரோரம் ஒரு கோதுமைச் சாக்கு, அதற்குக் கீழே கறுப்பாக ஒரு வளைவு தெரிந்தது. தையல் மிஷின் ஹெட். கால் மிதி ஸ்டாண்டு இல்லை, ஹெட் மட்டும். பழைய வார்ப்பிரும்பு. உடம்பில் தங்கக் கலர் பூ வேலை பாதி அழிந்திருந்தது. நெற்றியில், ஆமாம் நெற்றி என்றுதான் சொல்வேன், போன வருடத்து ஆயுத பூஜைக் குங்குமம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பூஜை செய்த கையாலேயே தூக்கிப் போட்டிருக்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. சாக்கை ஒதுக்கிவிட்டுத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பன்னிரண்டு கிலோ இருக்கும்.

ஒரு மணி நேரம் கழித்து வாசலில் ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும், இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, கூடவே ஒரு பையன்.

“அண்ணா, அந்த மிஷின் என்னுது.”

“ரோட்டுல கெடந்ததும்மா. ரோட்டுல கெடக்கறது எல்லாருக்கும் பொது.”

“எப்படிண்ணா பொது? நாலு மணிக்கே வந்து மூட்டையெல்லாம் பிரிச்சு, இத தனியா எடுத்து வெச்சு, மேல சாக்கு போட்டுட்டுத் தள்ளுவண்டி எடுத்தாரப் போனேன். சாக்கு பாத்தீங்களா இல்லியா?”

பார்த்தேன். அதுதான் விஷயம். அந்தச் சாக்கை என் கையால்தான் ஒதுக்கினேன். காற்றில் பறந்து வந்து விழுந்த சாக்கு இல்லை அது, நாலு பக்கமும் செங்கல் வைத்திருந்தது. யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தெரிந்துதான் எடுத்தேன். ‘குப்பை பொறுக்குகிறவர்கள் வைத்ததுதானே’ என்று ஒரு நினைப்பு உள்ளுக்குள் ஓடியிருக்க வேண்டும். இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் கை கூசுகிறது.

நான் பதில் சொல்லாமல் நின்றதும், அவரைத் திருடி என்று நான் நினைப்பதாக அவருக்குத் தோன்றிவிட்டது. சுருக்குப் பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். “கார்டு வெச்சிருக்கேன்ண்ணா. மாநகராட்சி கொடுத்தது.” குப்பை பொறுக்குகிறவர்களுக்குப் பெங்களூர் மாநகராட்சி 2011-லிருந்தே அடையாள அட்டை கொடுக்க ஆரம்பித்தது என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. இவர்களை உள்ளாட்சிகள் அங்கீகரித்துக் குப்பை மேலாண்மையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தது. படித்துத் தெரிந்துகொண்டது எல்லாம் பிறகு. அன்றைக்கு அந்த அட்டையில் இருந்த மங்கின போட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

மிஷினைக் கொண்டு வந்து திண்ணையில் வைத்தேன். “என்ன பண்ணுவீங்க இத?” என்று கேட்டேன். குஜரிக் கடையில் (பழைய இரும்புக் கடை) இரும்பு கிலோ 22 ரூபாய், 264 கிடைக்கும் என்றார். மனக்கணக்கு, ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. நான் 300 கொடுத்தேன். அவர் 36 ரூபாயைச் சில்லறையாக எண்ணித் திருப்பிக் கொடுத்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

இங்கே ஒரு விஷயம். ‘குஜரி’ என்று நான் எழுதினதும் தமிழ்நாட்டு நண்பர்கள் சிலர் பின்னூட்டத்தில் வந்து ‘காயலான் கடை என்று எழுதுங்கள், இது தமிழா’ என்று கேட்பார்கள். முன்பு ஒரு பதிலில் ஒண கச, ஹசி கச (காய்ந்த குப்பை, ஈரக் குப்பை) என்று எழுதியதற்கே வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஐயா, நாங்கள் நாலு தலைமுறையாக இந்த ஊரில் தமிழ் பேசுகிறோம். ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் ‘பெங்களூர்த் தமிழ்’ என்று சிரிக்கிறார்கள், இங்கே தெருவில் ‘நிம்ம ஊரு யாவுது’ (உங்கள் ஊர் எது) என்று கன்னடத்தில் கேட்கிறார்கள். என் ஊர் ஜீவனஹள்ளி. நான் படித்த தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் இன்றைக்குத் தமிழ் வகுப்பு கிடையாது, பிள்ளைகள் சேரவில்லை என்று மூடிவிட்டார்கள். அதற்கு ஒருவரும் வரவில்லை. நான் எழுதும் ஒரு சொல்லுக்கு மட்டும் வருகிறீர்கள். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மிஷினுக்கு வருகிறேன். சக்கரம் அசையவே இல்லை. பேன் காற்று படாத மூலையில் வைத்து, எல்லாத் துளையிலும் மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்தேன். காலையில் சக்கரம் அரை விரல் அசைந்தது. ஷட்டிலைக் கழற்றினால் உள்ளே நூல். கம்பளி மாதிரி இறுகிப்போன நூல் உருண்டை. சிவப்பு, வெள்ளை, பள்ளிக்கூட யூனிபார்ம் நீலம், அடுக்கடுக்காக. அதன் நடுவில் உடைந்த ஊசி நுனி ஒன்று குத்திக்கொண்டு நின்றது. அவ்வளவுதான் நோய். அந்த நுனியை எடுத்து, நூலைப் பிய்த்து, மிஷின் ஆயில் விட்டு, ஒரு புது பெல்ட், ஒரு ஊசி, ஒரு பாபின் கேஸ் போட்டேன். மூன்றாம் நாள் தையல் விழுந்தது. யாரோ ஒரு தையல்காரம்மா வருடக்கணக்கில் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்த மிஷின், அரை அங்குல ஊசித் துண்டுக்காகக் குப்பைக்கு வந்திருக்கிறது.

அடுத்த வாரம் அந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். “இது ஓடுமா?” என்றார். பேசாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “இது மாதிரி எத்தனை மிஷின் எடை போட்டிருக்கேன் தெரியுமாண்ணா” என்றார். அந்த வார்த்தை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. ஓடக்கூடும் என்று தோன்றுவதை அவர் கொண்டு வருவார், நான் பார்ப்பேன், விற்றால் பாகத்துக்குப் போட்ட காசு போக மீதி ஆளுக்குப் பாதி. ஓடாதது அவருக்கே, பிரித்துக் கொடுத்துவிடுவேன். செம்பு தனி, அலுமினியம் தனியாக இருந்தால் குஜரிக் கடையில் விலை கூடும். முதல் மிஷின் இப்போது அவர் மருமகளிடம் இருக்கிறது. ஃபால்ஸ் அடிப்பது, பிளவுஸ் பிரித்துத் தைப்பது என்று வாரத்துக்கு நாலு காசு வருகிறது.

எதெல்லாம் தேறும் என்று கேட்பீர்கள். சீலிங் பேன் மெதுவாகச் சுற்றுகிறதா, அல்லது குச்சியால் தள்ளிவிட்டால் சுற்றுகிறதா, பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான். வழக்கமாக 2.5 மைக்ரோஃபாரட், சின்ன விலைதான். அதற்காகப் பேனையே வீசுகிறார்கள். மிக்ஸியில் ஜாருக்குக் கீழே இருக்கும் கப்ளர் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் கார்பன் பிரஷ். எல்இடி பல்பில் பொட்டு மாதிரி இருக்கும் சிப்களில் ஒன்று கறுத்திருக்கும், எல்லாம் ஒரே வரிசையில் இணைந்திருப்பதால் ஒன்று போனாலே முழு பல்பும் அணைந்துவிடும். குக்கருக்கு கேஸ்கட். இதையெல்லாம் வீட்டு பிளக்கில் நேராக மாட்டிப் பார்க்காதீர்கள். நான் ஒரு நூறு வாட் குண்டு பல்பைச் சீரியஸில் (கரன்ட் பல்பு வழியாகப் போய்ப் பொருளுக்கு வரும்படி) போட்டுத்தான் சோதிப்பேன், ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், ஃபியூஸ் போகாது.

தொடாதது: மெத்தை, தலையணை, சோபா. மூட்டைப்பூச்சி ஒரு தடவை வீட்டுக்குள் வந்தால் அப்புறம் அது காலி செய்யாது, நீங்கள்தான் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஹெல்மெட் எடுக்காதீர்கள், அடிபட்டதா என்று வெளியில் தெரியாது. உப்பின பேட்டரி, உடைந்த டியூப் லைட் (பாதரசம் இருக்கிறது), பழைய டிவியின் படக்குழாய் (அந்தக் கண்ணாடியில் ஈயம்) எதுவும் வேண்டாம். செம்புக்காக வயரைக் கொளுத்துவதைக் கண்டால் தயவுசெய்து தடுங்கள், அந்தப் புகை விஷம். என்னவென்று தெரியாத கனமான, சீல் வைத்த உலோகப் பொருளை அறுக்கவே கூடாது. 2010-ல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அப்படித்தான் ஒன்றைப் பிரித்தார்கள். பல்கலைக்கழகம் ஒன்று ஏலத்தில் விட்ட கருவி, உள்ளே கோபால்ட்-60. கதிர்வீச்சில் ஒருவர் செத்தே போனார். தப்பு பிரித்தவர்கள் மேல் இல்லை, அதை அப்படியே ஏலம் விட்டவர்கள் மேல்.

என் மகனுக்கு இது பிடிக்காது. ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பெரிய அபார்ட்மென்டில் இருக்கிறான். ஒரு தடவை அங்கே குப்பை அறையில் சுழல் நாற்காலி ஒன்று, கேஸ் லிஃப்ட் (உயரத்தை ஏற்றி இறக்கும் தண்டு) மட்டும் போனது, எடுத்துவிட்டேன். செக்யூரிட்டி நிறுத்தினார். சாயங்காலம் அவர்கள் வாட்ஸப் குழுவில், ஒரு குடியிருப்பாளரின் தகப்பனார் குப்பை அறையில் தேடிக்கொண்டிருந்தார் என்று எழுதியிருந்தார்கள். மகன் அதைக் காட்டி, “அப்பா, உங்களுக்கு என்ன கொறை வெச்சேன்?” என்றான். அவன் கண் கலங்கியதுதான் எனக்குக் கஷ்டம். குறை ஒன்றும் இல்லை. பிஎஃப் பணம் இருக்கிறது, மகன் பார்த்துக்கொள்கிறான், பசிக்காக நான் எடுக்கவில்லை. பசிக்காக எடுக்கிறவர்களும் கேவலமானவர்கள் இல்லை, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நாற்காலியைத் திருப்பி வைத்தேன். காம்பவுண்டுக்குள் இருப்பது அவர்கள் பொருள், கேட்டிருக்க வேண்டும், அந்த அளவுக்கு என் தப்பு.

‘இதனால் ஊர்க் குப்பை குறைந்துவிடுமா’ என்று சிலர் கேட்பார்கள். குறையாது, எனக்கும் தெரியும். 2012-ல், பெங்களூர்க் குப்பையைக் கொட்டிக்கொண்டிருந்த மாவள்ளிபுரத்து ஜனங்கள் எங்கள் கிணறும் ஏரியும் போச்சு, இனிமேல் கொட்டாதீர்கள் என்று நின்றபோது, எங்கள் தெருவில் நாள்கணக்கில் குப்பை நாறியது. அப்புறம் மண்டூர் என்ற கிராமத்தில் கொட்டினார்கள். 2014 முடிவில் அங்கேயும் நிறுத்த வேண்டி வந்தது. அந்த ஊர்களுக்கு லாரி லாரியாகப் போனதில் என் வீட்டுப் பையும் இருந்திருக்கும். ஒரு மிக்ஸியை அங்கே போகாமல் நிறுத்தினால் ஒரு மிக்ஸி, அவ்வளவுதான் என் கணக்கு.

சரி, உங்கள் மேசை. அது மரத்தூள் பலகையாக இருந்தால் குஜரிக் கடையில் எடுக்க மாட்டார்கள், அதற்கு விலையே கிடையாது. ஆகவே அனேகமாக அதன் மேல் சாக்கு இருக்காது. இரும்புக் கால் வைத்த மேசையாக இருந்தால் இருக்கலாம். இருந்தால் காலை ஐந்து ஐந்தரைக்குப் போய் நில்லுங்கள், பிரிக்கிறவர்கள் அங்கேதான் இருப்பார்கள். “அக்கா, இது நீங்க வெச்சதா?” என்று கேளுங்கள். கால் எத்தனை கிலோ இருக்கும் என்று அவரே சொல்வார், அந்தக் காசைக் கொடுத்துவிட்டு எடுத்து வாருங்கள். சாக்கு இல்லை என்றால் காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். காலின் அடியில் பலகை உப்பியிருக்கிறதா, ஆணி மூலைகளில் மூட்டைப்பூச்சிக் கறை கறுப்புப் புள்ளியாக இருக்கிறதா என்று செல்போன் டார்ச்சில் பார்த்துவிட்டு இன்று ராத்திரியே தூக்கிவிடுங்கள். ஒரு மழை நனைந்தால் அந்தப் பலகை தேறாது. இங்கே சாயங்காலம் ஆனால் எப்போது மழை வரும் என்று சொல்ல முடியாது.