நகரும் சுவரும் நகராத பிளக்கும்

தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் அலுவலகம் பற்றி வந்த கேள்விகளில் ஆறை எடுத்துக்கொண்டேன். அலுவலக உள்ளமைப்பு என் தொழில். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெளியாள் யாரையும் கூப்பிடாமல், அங்கே உட்கார்ந்திருப்பவர்களே ஐந்து நிமிடத்தில் நகர்த்த முடியாத எதையும் நான் நகரும் பொருள் என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

கேள்வி: ஐயா, கோவையில் எங்களுக்கு ஒரு பயிற்சிக்கூடம் இருக்கிறது. இருபதடி அகலத்துக்கு நகரும் சுவர் போட்டு, வேண்டும்போது இரண்டாகப் பிரிக்க நினைக்கிறோம். ஒரு பக்கப் பேச்சு மறுபக்கம் கேட்காது என்று விற்பனையாளர் உறுதி சொல்கிறார். நம்பலாமா?

அவர் காட்டும் ஒலித்தடுப்பு எண் ஆய்வுக்கூடத்தில் அளந்த எண். அங்கே அந்தப் பலகையைத் தவிர ஒலி போக வேறு வழி கிடையாது. உங்கள் கூடத்தில் வழிகள் ஏராளம். சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே போதும், எவ்வளவு கனமான சுவரானாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபெல் அளவிலேயே நின்றுவிடும். பக்கத்து அறைப் பேச்சு தெளிவாகவே காதில் விழும்.

பெரும்பாலும் குற்றவாளி ஃபால்ஸ் சீலிங்தான். சுவர் அதன் அடியோடு நின்றுவிடும். அதற்கு மேலே கான்கிரீட் வரை உள்ள வெற்றிடத்தில் ஒலி தாராளமாகப் போய்வரும். நான் தொடக்க காலத்தில் செய்த ஒரு வேலையில் இதே தவறு நடந்தது. ஒருபக்கம் நேர்முகத் தேர்வு நடந்துகொண்டிருக்க, மறுபக்கம் காத்திருந்தவர்கள் கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார்கள்! சுவர் தொங்கி நகரும் தண்டவாளத்துக்கு நேர் மேலே, கான்கிரீட் வரை ஜிப்சம் பலகையும், ஒலியை உறிஞ்சும் கல்கம்பளியும் (ராக் வூல்) வைத்து அடைத்த பிறகுதான் சத்தம் அடங்கியது. அந்தச் செலவை விலைப்பட்டியலில் யாரும் தாமாகக் காட்டமாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது எடை. ஒலி தடுக்கும் பலகை சதுர மீட்டருக்கு 40 கிலோ என்று வைத்துக்கொண்டால், இருபதடி அகலம், ஒன்பதடி உயரச் சுவர் 650 கிலோவைத் தாண்டும். அது முழுவதும் மேலேயிருந்து தொங்குகிறது. மடக்கி ஓரத்தில் ஒதுக்கும்போது மொத்தப் பாரமும் ஒரே இடத்தில் இறங்கும். கட்டடப் பொறியாளர் பார்க்காமல் தண்டவாளம் மாட்டாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, மாதத்துக்கு இரண்டு முறைதான் பிரிப்பீர்கள் என்றால் வேண்டாம். சாதாரண ஜிப்சம் சுவரைவிட இது பல மடங்கு விலை. அந்தப் பணத்தில் நிரந்தரமான சிறு அறைகள் இரண்டைக் கட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: ஏ.சி. பற்றி யாருமே பேசுவதில்லையே?

பேச வேண்டும். கூடத்தைப் பிரித்தால் ஒவ்வொரு பாதிக்கும் தனியாகக் குளிர்காற்று வர வேண்டும், திரும்பிப் போகவும் வழி வேண்டும். இல்லையென்றால் சென்னை மே மாதத்தில் ஒரு பாதி ஊட்டி, மறுபாதி இட்லிக்குண்டான். விளக்குச் சுவிட்சு, புகை உணர்கருவி, தீயணைப்புத் தெளிப்பான் ஆகியவற்றுக்கும் இதே விதி. எப்படிப் பிரித்தாலும் அவசர வழி மறைபடக் கூடாது.

கேள்வி: மேசைகள் அனைத்துக்கும் சக்கரம் போட்டோம். ஆறு மாதமாகியும் ஒருவரும் நகர்த்தவில்லை. ஏன்?

மேசைக்கடியில் குனிந்து பாருங்கள். கணினி வயர் சுவரிலிருக்கும் பிளக்கில் மாட்டியிருக்கும். கயிற்றின் நீளம்வரைதான் கன்று மேயும். பத்தடிக்கு ஒன்றாகத் தரையிலோ மேலிருந்து தொங்கும்படியோ மின் இணைப்பு கொடுங்கள். வயரைத் தரையில் இழுத்துவிட்டு மேலே டேப் ஒட்டுவது தீர்வல்ல, இடறி விழ வைக்கும் பொறி.

இன்னொரு காரணமும் உண்டு: நகர்த்தினால் யாராவது திட்டுவார்களோ என்ற தயக்கம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 20ஆம் எண் கட்டடம் என்று ஒன்று இருந்தது. போர்க்காலத்தில், 1943இல், ரேடார் ஆய்வுக்காக மரத்தால் அவசரமாகக் கட்டியது. தற்காலிகம் என்றார்கள், 1998 வரை நின்றது. அங்கே யாரும் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. சுவரைத் துளைத்து வயரை ஓட்டினார்கள், தடுப்பைப் பெயர்த்து அறையைப் பெரிதாக்கினார்கள். அதை அழகான கட்டடம் என்று ஒருவரும் சொன்னதில்லை. உங்கள் அலுவலகம் அழகாக இருப்பதுகூடக் கைவைக்கத் தயங்குவதற்குக் காரணமாக இருக்கலாம்.

கேள்வி: தடுப்புகள் அனைத்தையும் எடுத்துவிட்டால் எல்லோரும் கலந்து பேசுவார்கள் என்கிறார் எங்கள் இயக்குநர்.

ஈதன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீஃபன் டர்பன் என்ற இருவர் 2018இல் வெளியிட்ட ஆய்வை அவரிடம் காட்டுங்கள். இரண்டு பெரிய நிறுவனங்கள் தடுப்பில்லாத திறந்த அலுவலகத்துக்கு மாறியபோது நேருக்கு நேர் பேச்சு சுமார் 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. பத்துப் பேர் பார்க்க உட்கார்ந்திருப்பவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வார், வேறென்ன செய்வார்? கலந்து பேசப் பெரிய இடம் கொடுத்தால், கதவை மூடிக்கொள்ளச் சின்ன இடமும் கொடுங்கள்.

கேள்வி: வாடகைக் கட்டடம், 1,200 சதுர அடி, பதினான்கு பேர். சுவரில் ஆணி அடிக்கவே உரிமையாளர் விடமாட்டார்.

உங்கள் நிலைமைதான் எனக்குப் பிடித்தது. இருபுறமும் எழுதக்கூடிய, சக்கரம் வைத்த ஆறடி ஒயிட்போர்டு மூன்று வாங்குங்கள். தடுப்பும் அதுவே, பலகையும் அதுவே. மேற்பலகை செங்குத்தாக மடங்கி, ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் மேசைகள் கிடைக்கின்றன. நான்கடிக்கு இரண்டடி போதும், ஒரே ஆள் தள்ளலாம். டைல்ஸ் தரைக்குக் கெட்டி நைலான் சக்கரம் வேண்டாம், ரப்பர் வகையாகப் பாருங்கள். கீழ்த்தளக்காரர் வாழ்த்துவார். ஒவ்வொன்றிலும் இரண்டு சக்கரத்துக்காவது பூட்டு இருக்கட்டும். வாங்கும் முன் கதவின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், அறைக்குள்ளேயே சிறைப்பட்ட மேசைகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கணக்காளர் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஜன்னலோரம் உட்காருகிறார். நிரந்தர இடம் யாருக்கும் இல்லை என்றதும் முகமே வாடிவிட்டது.

அவரை அங்கேயே விட்டுவிடுங்கள்.