பூர்வகுடிப் பெண்கள் மனம்விட்டுப் பேசிக்கொள்வதால் ஏதாவது மாறுமா?

கண்டிப்பாக மாறும். கனடாவில் டோபிக் என்ற பூர்வகுடிக் குடியிருப்பின் பெண்களைப் பாருங்கள். 1970களில் அங்கே வீடு கணவன் பெயரில்தான் இருந்தது. அவன் 'வெளியே போ' என்றால் மனைவிக்குப் பிள்ளைகளோடு தெருதான் கதி என்றிருந்தது. பேசப் பேசத்தான் இது வெறும் குடும்பச் சண்டை இல்லை, சட்டமே கோளாறு என்பது வலுப்பட்டது. அன்றைய சட்டப்படி, பூர்வகுடி அல்லாதவரை மணந்த பெண் சட்டம் தரும் பூர்வகுடி அந்தஸ்தை இழந்தாள். ஆணுக்கு அப்படி எதுவும் இருக்கவில்லை. எவ்வளவு பெரிய அநியாயம்!

1979இல் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஓகா என்ற ஊரிலிருந்து தலைநகர் ஒட்டாவா வரை, சுமார் 160 கிலோமீட்டர் நடந்தார்கள். அவர்களில் ஒருவரான சாண்ட்ரா லவ்லேஸின் முறையீட்டில், 1981இல் ஐ.நா. மனித உரிமைக் குழு கனடாவின் மீது தவறு கண்டது. 1985இல் சட்டம் திருத்தப்பட்டது. அப்புறமும் அப்படி அந்தஸ்தை இழந்த பெண்களின் பேரப்பிள்ளைகள் விஷயத்தில் பாகுபாடு நீடித்தது. அதற்கான திருத்தம் முழுமையாக அமலுக்கு வர 2019 ஆகிவிட்டது.