சீனாவில் நமக்குத் தூதர் இல்லாத 15 ஆண்டுகள்

கேள்வி: 1962-ல் போர் மூண்டதும் சீனாவுடன் தூதரக உறவை நேரு அறுத்தெறிந்தார். பெய்ஜிங்கில் நம் தூதரகமே 14 வருடம் பூட்டிக் கிடந்தது. கல்வானில் 20 வீரர்களைப் பறிகொடுத்த பிறகும் அங்கே ஒரு தூதரை உட்கார வைத்திருக்கிறோமே, நமக்கு ரோஷமே கிடையாதா?
– ஒரு வாசகர், ராஜபாளையம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. கல்வானில் உயிர்விட்டவர்களில் ஒருவரான ஹவில்தார் பழனி, ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அந்தச் சாவுகளை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேச எனக்கும் மனம் வராது. ஆனால் நீங்கள் சொல்லும் சரித்திரம் நடக்கவே இல்லை. 1962-ல் நேரு உறவை அறுக்கவில்லை, சீனாவும் அறுக்கவில்லை. லாசாவிலும் ஷாங்காயிலும் இருந்த துணைத் தூதரகங்களை மூடினோம், அவ்வளவுதான். பெய்ஜிங் தூதரகம் போரின்போதும் திறந்தே இருந்தது. காலியாக இருந்தது தூதரின் நாற்காலி. அதுவும் போருக்கு ஓராண்டு முன்பே காலியாகிவிட்டது.

தூதரகம் இருக்கிறது, தூதர் இல்லை என்றால் என்ன அர்த்தம்? தூதர் என்பவர் நம் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு போய், அதை அந்த நாட்டுத் தலைவரிடம் கொடுத்துப் பொறுப்பேற்பவர். அவர் இல்லாதபோது அடுத்த நிலை அதிகாரி பொறுப்புத் தூதராக இருந்து வேலையை நடத்துவார். விசா கொடுக்கலாம், கண்டனக் குறிப்பு கொடுக்கலாம், வாங்கலாம். ஆனால் உச்சியில் இருப்பவர்களிடம் நினைத்தபோது போய்ப் பேசும் அந்தஸ்து அவருக்குக் கிடையாது.

இந்தப் பதவியின் வேர் சுதந்திரத்துக்கு முன்பே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது சீன அரசு சோங்சிங்கில் இயங்கியது. அங்கே பிரிட்டிஷ் இந்தியா ஓர் ஏஜென்ட் ஜெனரலை வைத்திருந்தது. அந்த வேலையைப் பார்த்த கே.பி.எஸ். மேனன்தான் 1947-ல் நான்கிங்கில் முதல் தூதரானார். (பின்னாளில் அவர் மகனும், பேரன் சிவசங்கர் மேனனும் அதே பதவிக்கு வந்தார்கள்.) 1948-ல் போனவர் கே.எம். பணிக்கர். சியாங் கை ஷேக்கின் அரசிடம் அனுப்பப்பட்டவர் அவர். அடுத்த வருடமே அந்த அரசு மாவோவின் கம்யூனிஸ்டுகளிடம் தோற்றுத் தைவானுக்கு ஓடிவிட்டது. 1949 டிசம்பர் 30-ல் கம்யூனிஸ்டுகளின் புதிய சீனாவை இந்தியா அங்கீகரித்தது. 1950 மே மாதம் அதே பணிக்கர் இன்னொரு கடிதத்தை மாவோவிடம் கொடுத்தார்.

ஒரு தூதர் எதற்கு என்பதற்குப் பணிக்கரின் காலத்திலேயே பதில் இருக்கிறது. 1950 அக்டோபர் 3, நள்ளிரவு தாண்டிய நேரம். பிரதமர் சூ என்லாய் அவரை அழைத்து, அமெரிக்கப் படை வட, தென் கொரியாக்களைப் பிரித்த 38-வது அட்சக்கோட்டைத் தாண்டினால் சீனா போரில் இறங்கும் என்றார். அப்போது அமெரிக்காவுக்குப் பெய்ஜிங்கில் தூதரகம் இல்லை. எச்சரிக்கை நம் வழியாகத்தான் வாஷிங்டனுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே பணிக்கரைச் சீனாவின் ஆள் என்று நினைத்தார்கள், நம்பவில்லை. அதே மாதத்தில் சீனப் படைகள் எல்லையான யாலு ஆற்றைக் கடந்து கொரியாவுக்குள் புகுந்துவிட்டன. சரி, பணிக்கர் தவறே செய்யாதவரா? இல்லை. திபெத் விஷயத்தில் சீனாவின் பேச்சை அவர் அதிகமாக நம்பினார். 1950 நவம்பரில் நேருவுக்கு எழுதிய கடிதத்தில் படேல் அவரைக் கடுமையாகவே விமர்சித்தார். அந்த விமர்சனம் நியாயம் என்றுதான் நானும் நினைக்கிறேன். அதற்காகத் தூதரே வேண்டாம் என்று படேல் சொல்லவில்லை.

அவருக்குப் பின் போன என். ராகவன், 1954 ஏப்ரல் 29-ல் பஞ்சசீல ஒப்பந்தத்தில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர். அடுத்து ஆர்.கே. நேரு. 1958-ல் ஜி. பார்த்தசாரதி. என். கோபாலசாமி ஐயங்காரின் மகன், சென்னையில் ‘தி இந்து’ நாளிதழில் வேலை பார்த்தவர், மதராஸுக்காக ரஞ்சிக் கோப்பை ஆடியவர். 1983-க்குப் பிறகு இலங்கைப் பிரச்சினையில் இந்திரா காந்தியின் தூதுவராகக் கொழும்பு போய் வந்தவரும் இவர்தான். அவர் பெய்ஜிங்கில் இருந்தபோதுதான் எல்லாம் கெட்டது. தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தார், எல்லையில் லோங்ஜுவிலும் கோங்கா கணவாயிலும் துப்பாக்கிகள் வெடித்தன, 1960-ல் டெல்லி வந்த சூ என்லாய் வெறுங்கையோடு திரும்பினார். 1961-ல் பார்த்தசாரதி ஊர் திரும்பினார். பதிலுக்கு யாரையும் நாம் அனுப்பவில்லை. டெல்லியில் இருந்த சீனத் தூதர் பான் சிலியும் 1962-ல் போர் தொடங்கும் முன்பே போய்விட்டார். ஆக, பேச்சு மிக அவசியமாக இருந்த மாதங்களில் இரண்டு தலைநகரங்களிலும் தூதர் இல்லை. போர் நடந்தபோது பெய்ஜிங்கில் இருந்தவர் பொறுப்புத் தூதர் பி.கே. பானர்ஜி. போர்நிறுத்த முடிவைச் சூ என்லாய் முதலில் சொன்னது அவரிடம்தான்.

இப்போது உங்கள் ரோஷத்துக்கு வருகிறேன். நாற்காலியைக் காலியாக வைத்து நாம் என்ன சாதித்தோம்? நாம் உரிமை கோரும் லடாக் பக்கத்து அக்சாய் சின் சீனாவிடமே இருந்தது. 1963-ல் பாகிஸ்தான் ஷக்ஸ்கம் பள்ளத்தாக்கைச் சீனாவுக்குத் தாரை வார்த்தது. 1965 போரின் நடுவே சீனா சிக்கிம் எல்லையைக் காட்டி நமக்குக் கெடு விதித்தது. 1967 ஜூனில் நம் அதிகாரி ரகுநாத் மீது உளவுக் குற்றம் சுமத்தி வெளியேற்றினார்கள். விமான நிலையத்தில் செங்காவலர்கள் என்ற மாவோவின் இளைஞர் படையினர் அவரை அடித்தார்கள். செப்டம்பரில் சிக்கிம் எல்லையின் நாதுலாவில் பீரங்கிச் சண்டை. தூதர் இருந்திருந்தால் இவை நின்றிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. தூதர் இல்லாததால் சீனா எதற்கும் தயங்கவில்லை என்கிறேன். அவ்வளவு நடந்த 1967-லும் இரு நாடுகளும் தூதரகத்தை மூடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கதவு சற்றுத் திறந்தது 1970 மே தினத்தன்று. தியானன்மென் மேடையில் வெளிநாட்டுப் பிரதிநிதிகள் வரிசையில் நின்ற நம் பொறுப்புத் தூதர் பிரஜேஷ் மிஸ்ராவின் கையைக் குலுக்கி மாவோ சிரித்தார். இப்படியே சண்டை போட்டுக்கொண்டிருக்க முடியாது, நண்பர்களாக வேண்டும் என்றார். அந்தச் சிரிப்புக்கு விலை உண்டா இல்லையா என்று டெல்லி யோசித்துக்கொண்டிருக்கும்போதே 1971 வங்கதேசப் போர் வந்தது, சீனா பாகிஸ்தான் பக்கம் நின்றது. 1976 ஏப்ரலில்தான் வெளியுறவு அமைச்சர் ஒய்.பி. சவான் தூதரை அனுப்பப்போவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். முதலில் அனுப்பியது நாம். போனவர் கே.ஆர். நாராயணன். சில மாதங்களில் சீனாவும் ஒருவரை அனுப்பியது. அதே நாராயணன் 2000-ல் நம் குடியரசுத் தலைவராகச் சீனாவுக்குப் போனார்.

இனி கல்வான். அதற்குப் பிறகு நாற்காலியைக் காலியாக வைத்தது சீனாதான். 2022 அக்டோபரில் சுன் வெய்டாங் போனபின், ஷு ஃபெய்ஹாங் 2024 மே மாதம் வரும்வரை சுமார் 18 மாதங்கள் டெல்லியில் சீனத் தூதர் இல்லை. நாம் அப்படிச் செய்யவில்லை. அதை ரோஷக் குறைவு என்கிறீர்கள். நான் அதை 1961-ன் தவறைத் திரும்பச் செய்யாதது என்பேன். கல்வான் மோதல் நடந்த 2020 ஜூனில் பெய்ஜிங்கில் நம் தூதராக இருந்தவர் விக்ரம் மிஸ்ரி. எல்லை ரோந்து பற்றி இரு நாடுகளும் உடன்பாட்டுக்கு வந்துவிட்டன என்று 2024 அக்டோபர் 21-ல் வெளியுறவுச் செயலராக நின்று அறிவித்தவரும் அவர்தான்.