தோட்டத்துக்கு வந்த பறவை எது? கேள்வி பதில்

கேட்பதற்கு முன் ஒன்று (ஒவ்வொரு கேள்விக்கும் முன் இருப்பது கேட்பவரின் ஊர், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும்). "மஞ்சளா ஒரு பறவை" என்று மட்டும் எழுதினால் பதில் சொல்ல முடியாது. நிறம் வெயிலுக்கும் நிழலுக்கும் மாறும், அலகு மாறாது. முதலில் அளவைச் சொல்லுங்கள்: சிட்டுக்குருவி (14 செ.மீ.), மைனா (25 செ.மீ.), காக்கை (40 செ.மீ.) இந்த மூன்றில் எதற்குப் பக்கம்? அடுத்து அலகின் வடிவம், வாலின் நீளம், தரையிலா கிளையிலா, எந்த மாதம், எத்தனை மணி. படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, பக்கவாட்டில் அலகு தெரியட்டும். சத்தம் மட்டும் கேட்டால் 30 விநாடி பதிவு செய்து அனுப்புங்கள்.

கெப்போங்: அண்ணே, பின்னால பட்டுப்போன பனைமரத்துல இருபது பறவை. மைனாவவிடச் சின்னது. சிலது முழுக் கறுப்பு, சிலதுக்கு வெள்ளை வயித்துல கறுப்புக் கோடு. எல்லாத்துக்கும் கண்ணு சிவப்பு. ரெண்டு ஜாதி சேர்ந்தா வரும்?

ஒரே ஜாதிதான். மலாயில் பெர்லிங் என்பார்கள். மைனாவின் உறவு, சுமார் 20 செ.மீ. வளர்ந்தவை கறுப்பு, வெயில் பட்டால் எண்ணெய் தடவியதுபோல் பச்சையாக மின்னும். கோடு போட்டவை அதன் இளம் பறவைகள். பட்ட மரத்தின் பொந்தில்தான் கூடு வைக்கும், ஆகவே அந்தப் பனையை உடனே வெட்டிவிடாதீர்கள்.

இதை நீட்டிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அபூர்வம் என்று நினைத்துக் கேட்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இளம் பறவை, பெண் பறவை, இறகு உதிர்க்கும் பறவை, கூண்டிலிருந்து தப்பியது, அல்லது செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை வந்து போகும் வலசைப் பறவை. புதுப் பெயர் தேடும் முன் இந்த ஐந்தையும் பாருங்கள்.

செராஸ்: மைனாவுக்குத் தலை மொட்டையா, மஞ்சத் தோலு தெரியுது. கழுகு வகையா?

மைனாவேதான். இறகு உதிர்வதாலோ தலையில் உண்ணி பிடிப்பதாலோ இப்படி ஆகும். இறகு மறுபடி முளைக்கும். பிடித்து மருந்து போட வேண்டாம்.

ஆயர் ஈத்தாம்: பப்பாளி மரத்துல பெரிய அலகோட ரெண்டு வந்து உக்காருது, அலகு மேல இன்னொரு மூக்கு மாதிரி. பழம் வெட்டி வைக்கலாமா ஐயா?

இருவாச்சி. பினாங்கில் வீட்டுப் பக்கம் வருவது பெரும்பாலும் கறுப்பு வெள்ளைச் சிறிய இருவாச்சி, மலாயில் எங்காங் கெலிங்கிங். உடல் கறுப்பு, வயிறு வெள்ளை, பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைக் கோடு. ஆணின் கொண்டை (நீங்கள் சொல்லும் அலகு மேல் இருக்கும் மூக்கு) பெரியது, சுத்தமான தந்த நிறம், முன்பக்கம் ஒரு கறுப்புத் திட்டு. பெண்ணின் கொண்டை சிறியது, அலகில் அழுக்குப் படிந்தாற்போல் கறுப்பு. முட்டையிடும் காலத்தில் பெண் மரப்பொந்துக்குள் போய் வாயிலை அடைத்துக்கொள்ளும். ஒரு விரிசல் வழியே ஆண்தான் ஊட்டும். திடீரென்று ஒன்று மட்டும் வர ஆரம்பித்தால் மற்றது செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள்.

பழம் வைக்க வேண்டாம். பப்பாளியைப் பறிக்காமல் மரத்திலேயே இரண்டு விட்டால் போதும். தட்டில் வைத்தால் பறவை சன்னலுக்கும் மனிதக் கைக்கும் பழகிவிடும், அது அதற்கு நல்லதல்ல. பல்லியையும் மற்ற பறவைகளின் குஞ்சையும்கூடத் தின்னும், பார்த்துப் பதறாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ்: பச்சைப் புறா, ஆம்பளைக்குக் கழுத்து ரோஸ்?

மலாயில் புனை. பச்சைப் புறா இனம். அத்திப்பழம் பழுத்த மரத்தில் கூட்டமாக இருக்கும்.

பட்டர்வொர்த்: கறுப்பு, சிவப்புக் கண்ணு, என்ன பறவை?

கெப்போங் பதிலைப் பாருங்கள். அளவையும் சொல்லுங்கள்.

புக்கிட் ஜாலில்: அக்டோபர்ல காலையில பால்கனியில கிடந்துச்சு. 11ஆவது மாடி. பச்சை முதுகு, வால் குட்டை, வயிறு சிவப்பு. உயிர் இருக்கு, கண்ணை மூடிக்கிட்டே இருக்கு. என்ன செய்யணும்?

முதலில் செய்ய வேண்டியது. மூடியில் துளையிட்ட அட்டைப்பெட்டி, அடியில் துண்டு, இருட்டு, அமைதி. அலகில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். சாப்பாடும் வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து, மரமுள்ள இடத்துக்குப் பெட்டியைக் கொண்டுபோய்த் திறங்கள். பறந்தால் சரி. இறக்கை தொங்கினாலோ நிற்க முடியாவிட்டாலோ பெர்ஹிலித்தானிடம் (வனவிலங்குத் துறை) ஒப்படையுங்கள்.

இனி அது எது என்று. ஆறுமணிக்குருவி இனம், மலாயில் பாச்சாட். இரவில் வலசை போகிறது, விளக்கு வெளிச்சத்தில் குழம்பிக் கண்ணாடியில் மோதுகிறது. இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தலை கறுப்பு, உச்சி மட்டும் பழுப்பு, மார்பு பச்சை என்றால் கருந்தலை வகை. கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, தொண்டை வெள்ளை, மார்பு வெளிர் மஞ்சள், இறக்கையில் நீலம் என்றால் நீல இறக்கை வகை. நீங்கள் தலையைச் சொல்லவில்லை. பெட்டியைத் திறக்கும்போது ஒரு படம் எடுங்கள், பிளாஷ் போடாமல்.

கண்ணாடிக்கு: பருந்து படம் ஒன்றை ஒட்டுவதால் பயனில்லை. வெளிப்பக்கத்தில் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளிகள் முழுக்க வேண்டும். உள்பக்கம் ஒட்டினால் பிரதிபலிப்பு மறையாது. அக்டோபர், நவம்பரில் இரவு பால்கனி விளக்கை அணையுங்கள்.

பாயான் லெப்பாஸ்: கெப்போங்குக்குத் தப்பாச் சொல்லிட்டீங்க. கறுப்பும் சிவப்புக் கண்ணும்னா குயில்தான். எங்க பாட்டி காலத்துலேர்ந்து அப்படித்தான்.

குயிலுக்கும் சிவப்புக் கண்தான். ஆனால் குயில் 40 செ.மீ.க்கு மேல், வால் நீளம், அலகு தடித்து வெளிர்பச்சை. பெர்லிங் அதில் பாதி, அலகு கறுப்பு. குயில் இலைக்குள் தனியாக ஒளியும். இருபதாகப் பட்டுப்போன பனையில் உட்காராது.

செந்தூல்: அவர் சொல்றதும் சரிதானே? காலையில 5 மணிக்கு எங்க பின்லேன்ல கூவுறது குயில்தானே?

கூவுவது குயில்தான். பெர்லிங் கூவாது, கீச்சென்று கத்தும்.

பாயான் லெப்பாஸ்: அப்ப பொம்பளைக் குயில் கூவுறதுன்னு பாட்டெல்லாம் சொல்லுதே?

பாட்டு தவறு. "கூ... ஊ" என்று ஏறிக்கொண்டே போவது ஆண். பெண் "கிக்-கிக்-கிக்" என்று வேகமாகக் கத்தும். பெண் கறுப்பும் இல்லை.

செந்தூல்: குயில் நம்ம ஊருக்காகம் கூட்டுலதான் முட்டை போடும்னா, இங்க ஊருக்காகம் எப்பிடி வந்துச்சு?

நல்ல கேள்வி. ஊர்க்காகத்தை 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள், காப்பித் தோட்டத்துக் கம்பளிப்புழுவைத் தின்னட்டும் என்று. காப்பி போய்விட்டது, காகம் நின்றுவிட்டது. நீங்கள் காலையில் கேட்கிற குயிலை வளர்த்ததும் அநேகமாக அதுதான்.

தஞ்சோங் பூங்ஙா: மாங்குயிலும் குயில்தானே?

இல்லை, பெயரில் மட்டும்தான் குயில். மஞ்சள் உடல், கண் வழியாகப் பிடரிவரை கறுப்புப் பட்டை, இளஞ்சிவப்பு அலகு. கூடு கட்டித் தானே குஞ்சு வளர்க்கும்.

ஈப்போ ரோடு: ராத்திரியில கட்டையத் தட்டுற மாதிரி "டோங்க், டோங்க்". வீட்டுல பயப்படுறாங்க.

பக்கி. பகலில் சருகு நிறத்தில் தரையில் அசையாமல் கிடக்கும். முட்டையும் வெறும் தரையில்தான் இடும், அதனால் புல் வெட்டும் முன் சருகை ஒரு முறை பாருங்கள். பயப்பட ஒன்றுமில்லை, பூச்சி தின்கிற பறவை.

கெப்போங்: செயலி ஏதோ ஐரோப்பியப் பறவைன்னு சொல்லுது.

இடமும் தேதியும் சரியாகப் போட்டீர்களா? போடாவிட்டால் அப்படித்தான் சொல்லும்.

பூச்சோங்: பூத்தொட்டியில தேன்சிட்டு கூடு கட்டியிருக்கு. வீட்டு முகவரியோட படம் போடலாமா? தொட்டிய நகர்த்தலாமா?

இரண்டும் வேண்டாம். கூட்டின் இடம் தெரிந்தால் பறவை பிடிப்பவர்கள் வருவார்கள். முராய் (குண்டுகரிச்சான்), புனை கூடுகள் இப்படித்தான் காலியாகின்றன. முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் அவ்வளவு. அதுவரை தண்ணீரை வேருக்கு மட்டும், மெல்ல ஊற்றுங்கள்.

கிளெமெந்தி: கறுப்பு, சிவப்பு...

அளவு? அலகு? பிறகு பார்ப்போம்.

பாயான் லெப்பாஸ்: இப்ப எங்க பப்பாளி மரத்துல பழுப்பா, வெள்ளைப் புள்ளி போட்ட ஒண்ணு, காக்கா அளவு. பருந்துக் குஞ்சா?

அலகு வளைந்த கொக்கியா, நேரா? நேராக, தடித்து, கண் சிவப்பாக, வாலில் குறுக்குக் கோடுகள் இருந்தால் அதுதான் பெண் குயில். பப்பாளியைத் தின்கிறதா என்று பாருங்கள். பருந்து பழத்தைத் தொடாது.